தீர்க்கதரிசனம் சொல்லியாயிற்று, வேலை தேடலாமா?

கேள்வி: என் கணவர் மணலியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். ஆட்குறைப்பில் வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போன உடனே ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனோம். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், "மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலை" என்று தலையில் கைவைத்துச் சொன்னார். அன்றிலிருந்து இவர் எதற்கும் மனுப் போடுவதில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கூப்பிட்டார்கள். "அதுக்குப் போனா அவிசுவாசம் ஆயிடும்" என்கிறார். என் தையல் மெஷினில்தான் குடும்பம் ஓடுகிறது. விசேஷ ஜெபக் காணிக்கைக்காக என் வளையல் அடகுக்குப் போய்விட்டது. வேலைக்குப் போங்க என்று நான் கேட்பது கர்த்தருக்கு விரோதமா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரி, விரோதமே இல்லை. தயங்காமல் கேளுங்கள்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11-ஐ நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிற வரி இது. இதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. எழுபது வருஷம் ஆகும் என்கிறது அது! கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள்.

அத்தனை வருஷமும் என்ன செய்வது? அதுவும் கடிதத்திலேயே இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பிடித்துக்கொண்டு போனவனுடைய ஊர் அது. அங்கே போய் மண்ணைக் கொத்தச் சொல்கிறார் கர்த்தர்.

இதற்கு முந்தின அதிகாரத்தை உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அனனியா என்றொருவன் ஆலயத்தில் எல்லா ஜனங்களுக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியா சண்டைக்குப் போகவில்லை. முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். பிறகுதான், சமாதானம் வரும் என்று சொல்லுகிற தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினாரா என்பது அவன் சொன்னது நடக்கும்போது விளங்கும் என்கிறார். உங்கள் வீட்டுக்குச் சொன்ன மூன்று மாதக் கெடு முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதை இப்படிச் சோதித்துப் பார்க்க வேதமே இடம் கொடுக்கிறது.

வீட்டில் பேசும்போதும் எரேமியாவின் வழியிலேயே பேசலாம். அந்த வாக்கு பொய் என்று ஆரம்பித்தால் அவர் வாசலைச் சாத்திவிடுவார். "வெளிநாடு கிடைக்கட்டும், ஆமென். விசா வர்ற வரைக்கும் யார்டுக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் 61 நாளும் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில்தானே வலையைப் பின்னி, இன்ஜினைப் பிரித்துப் போட்டு, படகுக்கு வர்ணம் அடிக்கிறார்கள்? கரையில் இருக்கிற காலத்துக்கும் வேலை உண்டு என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, எனக்குத் தோன்றுவது. சூப்பர்வைசராக நாலு பேரை வேலை வாங்கினவருக்கு, தெரிந்தவர்கள் பார்க்க யார்டு கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழையக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சம் விசுவாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ. அதைக் குத்திக் காட்டாதீர்கள், அவருக்கே வலித்துக்கொண்டிருக்கும். பேர்பெற்ற வேத போதகரான கமாலியேலிடம் படித்த பவுல், கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தார். அந்தக் கையால்தான் நிருபங்களும் வந்தன. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடக் கூடாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை மட்டும் சோறு போடும்போது எடுக்காதீர்கள். வேலை போன மனுஷனுக்கு அது வேப்பங்காய்.

காணிக்கை விஷயத்தில் நான் இவ்வளவு மென்மையாக இருக்க மாட்டேன். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகக் கை விரித்தவர்களை இயேசு கடுமையாகவே கண்டித்தார். மாற்கு ஏழாம் அதிகாரம். வீட்டுச் செலவுக்கான பணத்தையும், அடகு வைத்த நகையையும் கேட்கிற ஜெபத்துக்கு இனி ஒரு ரூபாயும் தராதீர்கள். "காணிக்கை குறைஞ்சதாலதான் வேலை வரல" என்று யாராவது பயமுறுத்தினால் உங்கள் சபை ஆயரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். அவரும் அதையே சொன்னால், தண்டையார்பேட்டையில் வேறு சபைகள் இல்லாமல் இல்லை.

அடகுச் சீட்டு இப்போது யார் கையில் இருக்கிறது? அதை வாங்கி வட்டிக் கெடுவைப் பாருங்கள். தையல் பணம் இனி உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். முதலில் வளையலை மீட்டுவிடுங்கள். யார்டில் இன்னும் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று, கூப்பிட்ட ஆளிடம் இந்த வாரமே அவரைப் பேசச் சொல்லுங்கள்.