நத்தாருக்கு வளவு வீடு எடுக்கிறோம், முற்பணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. கணவருக்கு மூன்று ஏக்கர் வயல், காலபோகம் (மாரிமழை நெல்) விதைத்திருக்கிறார். இந்த நத்தாருக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணா குடும்பம் (4 பேர்), பரிஸிலிருந்து தங்கச்சி குடும்பம் (5 பேர்), வவுனியாவிலிருந்து சின்னண்ணா குடும்பம் (4 பேர்) எல்லாரும் வருகிறார்கள். அம்மாவோடு நாங்கள் 5 பேர். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக இருக்கப்போகிறோம். எங்கள் வீட்டில் இரண்டே அறை. அதனால் மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கம் போகும் வழியில் ஒரு பெரிய வளவு வீட்டை 23ஆம் திகதி முதல் 27 வரை, நான்கு இரவுக்கு எடுக்க நினைக்கிறோம். இரவுக்கு 40,000 ரூபாய். பாதியை, அதாவது 80,000 ரூபாயை, இப்போதே வங்கியில் போடச் சொல்கிறார்கள். அண்ணாவும் தங்கச்சியும் "நீ போட்டுவிடு, வந்து தாறம்" என்கிறார்கள். என்னால் டிசம்பருக்குள் 30,000 ஒதுக்கலாம். மிச்சத்துக்கு என் சங்கிலியை அடகு வைக்கவா, சீட்டைக் கழிவு கூறி (ஒரு தொகையை விட்டுக்கொடுத்து) முன்கூட்டியே எடுக்கவா? அறுவடையோடு மீட்டுவிடலாம் என்கிறார் கணவர். சின்னண்ணியின் ஊர் முல்லைத்தீவு, 26ஆம் திகதி காலை அவர் அங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும்.

பதில்: சகோதரி, வீட்டை எடுங்கள். ஒன்பது வருடம் காத்திருந்த அம்மாவுக்கு நான்கு பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படுத்தெழும்புவதைவிடப் பெரிய நத்தார் பரிசு கிடையாது. அதற்குச் செலவழிக்கும் காசை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் சங்கிலியை எடுக்காதீர்கள், சீட்டையும் தொடாதீர்கள். நான்கு இரவை இரண்டாகக் குறைத்தால் இரண்டுக்கும் தேவை வராது.

முதலில் அறுவடைக் கதையைப் பார்ப்போம். வன்னியில் டிசம்பர் என்பது வயலுக்குள் காசு போகிற மாதம், வருகிற மாதம் அல்ல. உழவு, விதை, களைநாசினி, பசளை என்று கையிலிருந்ததெல்லாம் மண்ணில் நிற்கும். நெல் காசாகி வீட்டுக்கு வர மாசியாகும், சில வருடம் பங்குனியும் ஆகும். அதற்குள் தைப்பொங்கல் வரும், பிள்ளைகளின் சப்பாத்து, பை, கொப்பி வரும். நிற்கிற பயிரை நம்பி எடுக்கும் கடனில் மழையும் ஒரு பங்காளி. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான சனம் நத்தாருக்கு மூன்று நாள் இருக்கையில் பாடசாலைகளில் போய்ப் படுத்தது. நீங்கள் வீட்டுக்குள் போக நினைக்கும் திகதி 23. வயலும் விடுமுறையும் ஒரே மழையில் நனையக்கூடிய வாரத்தில், ஒன்றின் வருமானத்தை நம்பி மற்றதற்குக் கடன் எடுப்பது சரிவராது.

அடகு வட்டியைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 583 ரூபாய்தான். "இதென்ன பெரிய காசே" என்று தோன்றும். வட்டி மெல்லக் கட்டலாம், முதல்தான் ஒரேயடியாகத் தேவைப்படும். தவணை முடிந்தால் கடிதம் வரும், பிறகு ஏலம். வங்கி நகையின் பெறுமதியில் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தரும் என்பதால், மீட்காமல் விட்டால் போவது 50,000 அல்ல, அதைவிடப் பெறுமதியான நகை. சீட்டைக் கழிவு கூறி எடுப்பதும் அதே கதைதான். 100,000 ரூபாய்ச் சீட்டை 15,000 கழிவில் எடுத்தால் அந்த 15,000தான் வட்டி. முன்கூட்டியே கழிந்துபோவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பாடசாலையில் பண்டிகை முற்பணம் எடுக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அது வட்டியில்லாத வழிதான், ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் கழியும். அதைப் பிள்ளைகளின் ஜனவரிச் செலவுக்கு வைத்திருங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. நீங்கள் வாடகையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 18 பேருக்கு நான்கு நாள் சாப்பாடு, சமையலுக்கு ஆட்கள், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல், ஹயஸ் வான் ஓட்டம், கைமிச்சம் (எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குவது) எல்லாம் சேர்த்தால் நான் போட்ட கணக்கில் 360,000 ரூபாய் வருகிறது. வாடகை அதில் பாதிகூட இல்லை. இந்தத் தொகையை உங்கள் அண்ணாவோ தங்கச்சியோ இன்னும் கேட்கவில்லை, 160,000 என்றுதான் அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. பிணக்கு தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போர் முடிந்த பிறகு முதல்தடவையாக ஒரு அண்ணா வெளிநாட்டிலிருந்து வந்தபோது இதே மாதிரி எல்லாரும் கூடினோம். செலவை நான் பார்த்தேன். கணக்கை நான் கேட்கவில்லை, அவர் தன் பாட்டில் தருவார் என்று இருந்தேன். நான் கேட்காததால் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை என்று அவர் நினைத்துவிட்டார். விமானம் ஏறும்போது பிள்ளைகளின் கையில் கொஞ்சம் காசு வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வருடம் அவருடைய அழைப்பை எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அவர் கெட்டவர் அல்லர். தொகை தெரிந்திருந்தால் அன்றே தந்திருப்பார். நான் வாய் திறக்காததுதான் பிழை. அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு நீட்டிப் பேசுகிறேன்.

ஏன் இரண்டு இரவு என்கிறேன்? 24 இரவுத் திருப்பலிக்கு உங்கள் அம்மா எங்கே போக விரும்புவார்? நிச்சயம் தன் பங்குக் கோயிலுக்குத்தான். மல்லாவிப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு வந்து பூசை முடித்து, இரவு இரண்டு மணிக்குச் சின்னப் பிள்ளைகளோடு மழையில் காட்டு வீதியால் திரும்பிப் போவதா? அந்த வீதிகளில் இரவில் யானை குறுக்கே நிற்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் கணவரும் டிசம்பரில் நான்கு இரவு வயலைவிட்டு இருக்கமாட்டார். காவலுக்கு ஆள் பிடித்தால் அதுவும் செலவு. 23, 24 இரவுகளுக்கு 80,000 ரூபாய் கொடுத்துவிட்டு எல்லாரும் கிளிநொச்சியிலேயே நிற்கப்போகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த இரண்டு இரவும் உங்கள் வீட்டில் பாய் விரித்துப் படுக்கட்டும். பரிஸ் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லைதான், ஆனால் அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லப்போவது அந்த இரவைப் பற்றித்தான். 25 மத்தியானம் பாலன் பிறப்புச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வளவு வீட்டுக்குப் போங்கள், 27 காலை திரும்புங்கள்.

அப்படிச் செய்தால் வாடகை 80,000. சாப்பாட்டுச் சாமான் 60,000. இரண்டு சமையல் ஆட்களுக்கு நாளுக்கு 3,500 வீதம் இரண்டு நாள் 14,000. டீசலும் சில்லறையும் 12,000. கைமிச்சம் 14,000. மொத்தம் 180,000, நான்கு நாள் கணக்கில் சரிபாதி. வாடகையைக் குடும்பத்துக்கு 20,000 என்று நாலாகப் பிரியுங்கள். மிச்சம் 100,000 ரூபாயை அம்மாவை விட்டு 17 தலைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 5,900. உங்கள் வீட்டுக்கும், வவுனியாவுக்கும், ரொறன்ரோவுக்கும் தலா 43,500. பரிஸுக்கு 49,400. அம்மாவின் பங்கை எல்லாரும் சுமக்கிறீர்கள், அதுதான் முறையும்கூட.

உங்களிடம் 30,000 இருக்கிறது, 13,500 குறைகிறது. போன சிறுபோக (கோடைப் போக) அரிசி வீட்டில் இருக்குமானால் அதைக் கொண்டுபோங்கள், தேங்காயைக் கொண்டுபோங்கள், வளவில் கோழி நின்றால் நாலைந்தைக் கொண்டுபோங்கள். சந்தை விலைக்கு எழுதிப் பங்கில் கழியுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அண்ணா டொலரில் தருகிறார், நீங்கள் அரிசியில் தருகிறீர்கள். ஆசிரியையாக இருந்துகொண்டு வீடு பார்த்து, ஆள் பிடித்து, சாமான் வாங்கி ஓடித் திரியப்போகிறவரும் நீங்கள்தான். அந்த உழைப்புக்கு நான் விலை போடவில்லை, ஆனால் உங்கள் உடன்பிறந்தவர்கள் அதை அறிந்திருக்கவேண்டும்.

வெளிநாட்டுக்காரர்தானே, முழுவதையும் அவர்கள் போடட்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான்கைந்து பேருக்கு டிசம்பரில் விமானச் சீட்டு எடுப்பது சின்ன விடயம் இல்லை, அங்கேயும் வீட்டுக் கடன் இருக்கும். தாங்களாகவே கூடத் தந்தால் வாங்கி வாடகையில் போடுங்கள். ஆனால் பங்கை ரூபாயிலேயே சொல்லுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "இத்தனை டொலர்" என்று பேசிவிட்டால் விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் ஒருவருக்கு மனக்குறை. காசை உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள்மூலம்) அனுப்பச் சொல்லாதீர்கள். வங்கி வழியாக வரட்டும், பதிவு இருக்கும். வந்துசேரச் சில நாள் எடுக்கும் என்பதால் இந்தக் கிழமையே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று கடிதத்தில் தெரிகிறது. குடும்பத்து வட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "அண்ணா, தங்கச்சி, வீடு 25 இல் இருந்து இரண்டு இரவுக்குப் பேசுறன். எல்லாச் செலவும் 180,000 வரும். ஒவ்வொருத்தற்றை பங்கும் கீழே எழுதியிருக்கிறன். காலபோகக் காசு முழுக்க வயலிலை நிக்குது, என்னாலை முன்னுக்குப் போட ஏலாது. முற்பணத்தை நீங்கள் அனுப்பினால்தான் வீட்டைப் பிடிக்கலாம்." இவ்வளவும் போதும். சங்கிலியைப் பற்றி எழுதவேண்டாம். எழுதினால் அவர்கள் பதறி முழுக் காசையும் அனுப்புவார்கள், உங்கள் மனம் அதை ஏற்காது.

இனி வீட்டுக்காரர் பக்கம். பாதி முற்பணம் அதிகம். இரண்டு இரவுக்குக் கால்வாசி, 20,000 ரூபாய், அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் திறப்பைக் கையில் தரும்போது. அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றின் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், பார்த்துக்கொள்பவர் வேறு ஆள், வங்கிக் கணக்கு மூன்றாவது ஆளின் பெயரில் இருக்கும். உரிமையாளரோடு வீடியோவில் பேசி, இந்தக் கணக்குக்குத்தான் போடுவதா என்று அவர் வாயால் கேட்டபிறகு போடுங்கள், ரசீதும் வாங்குங்கள். அந்தத் துண்டில் திகதி, தொகை, எத்தனை அறை, டீசல் யாருடைய செலவு என்பதோடு ஒரு வரி கட்டாயம் வேண்டும்: வெள்ளத்தால் வீதி மூடப்பட்டால் முற்பணம் திரும்ப வரும். "வேறு திகதிக்கு மாற்றித் தாறம்" என்பார்கள். மற்றவர்களுக்கு அது போதும். உங்களுக்கு உதவாது, ஜனவரி முதல் வாரத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்குப் பெப்ரவரியில் வீடு எதற்கு? முழுவதையும் திருப்பித் தர மறுத்தால் பாதிக்காவது எழுதி வாங்குங்கள்.

அண்ணியின் 26ஆம் திகதியை நீங்கள் ஒரு சங்கடம் போல எழுதியிருக்கிறீர்கள். அதைக் கணக்கில் முதல் வரியாக வையுங்கள். 2004 சுனாமியில் முல்லைத்தீவு எத்தனை பேரைக் கடலுக்குக் கொடுத்தது என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும். காலை 9.25க்கு மௌன அஞ்சலி, அதற்கு முன் அவர் ஊரில் நிற்கவேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக நேர் வீதி, ஹயஸ் விடியவே புறப்படவேண்டும். அந்த ஓட்டக் கூலியைக் கைமிச்சத்தில் எடுங்கள், சின்னண்ணாவின் பங்கில் ஏற்றாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு இடங்கொடுத்தால் அவரும் போகட்டும்.

முற்பணம் போடுவதற்கு முன் ஒருக்கால் நேரில் போய் வீட்டைப் பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். வெயில் நாளில் எடுத்த படத்தில் கிரவல் ஒழுங்கை அழகாகத்தான் இருக்கும். ஹயஸ் அந்த ஒழுங்கையால் முற்றம் வரை போகுமா, கிணற்றில் வெள்ளம் கலந்திருக்கிறதா, 18 பேருக்கு எத்தனை மலசலகூடம், இரவில் அம்மா நடந்துபோகக்கூடிய தூரத்திலா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், குளத்து நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.