கல்யாணம் ஆனால் கதாநாயகியின் காலம் முடிந்ததா? நூதனைப் பாருங்கள்

"பழைய இந்தி சினிமாவில் கல்யாணம், குழந்தை என்று ஆனபிறகும் கதாநாயகியாகவே நீடித்த நடிகை யாராவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, நூதன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது வெறும் சினிமாக் கேள்வியாகத் தெரியவில்லை, வீட்டிலோ ஆபீஸிலோ யாரோ உங்களிடம் "இனிமேல் எதுக்கு வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள் போல. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், எனக்குச் சொன்னார்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நூதன் யாரென்று தெரியாதவர்களுக்கு: 'மின்சாரக் கனவு' கஜோலின் பெரியம்மா. 1936-இல் பிறந்தவர், அம்மா ஷோபனா சமர்த்தும் நடிகைதான். சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதை ஐந்து முறை வாங்கினார். 'சீமா', 'சுஜாதா' இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் வந்தவை. 1959-இல் கடற்படை அதிகாரி ரஜ்னீஷ் பஹலைக் கல்யாணம் செய்துகொண்டார், 1961-இல் மகன் பிறந்தான். மிச்ச மூன்று விருதும் அதற்கப்புறம் வந்தவை: 1963-இல் வெளியான 'பந்தினி', 1967-இல் 'மிலன்', 1978-இல் 'மேய்ன் துளசி தேரே ஆங்கன் கீ'. இந்த மூன்றில் கடைசிப் படம் வந்தபோது அவருக்கு 42 வயது. அந்த வயதில் நம் ஊரில் நடிகைகளுக்கு என்ன வேடம் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது என் கதை. பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டிருந்த நான், பையன் நடக்க ஆரம்பித்ததும் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனேன். உள்ளே மூன்று பேர். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரு வரியில் முடிந்தது. அப்புறம் "குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?", "மாமியார் கூட இருக்காங்களா?", "அடுத்தது எப்போ பிளான்?" என்று போனது. வெளியே பெஞ்சில் எனக்கு அடுத்து இருந்த ஆணுக்கும் என் பையன் வயதில் ஒரு பெண் குழந்தை. பேசிக்கொண்டிருந்தபோது போட்டோகூடக் காட்டினார். அவர் திரும்பி வந்ததும் கேட்டேன், அவரிடம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த மூன்று பேர்மேல் இன்றைக்கும் இருக்கிறது.

அப்பா நாக்பூரில் ரயில்வேயில் இருந்தவர், பழைய இந்திப் படம் என்றால் சாப்பாடு வேண்டாம். அன்றைக்கு நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு ஆறுதல் எதுவும் சொல்லாமல் "இங்க வந்து உக்காரும்மா" என்று 'பந்தினி'யைப் போட்டார். பிமல் ராய் எடுத்த படம். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் கல்யாணி என்ற பெண்ணாக நூதன். விஷம் வைக்கும் முடிவுக்கு அவள் வருகிற இடத்தில் வசனமே கிடையாது, வெளியே இரும்பு வேலை நடக்கிற சத்தமும் அந்த வெளிச்சம் விழுந்து விழுந்து மறைகிற நூதனின் முகமும்தான். அப்பா மெதுவாக, "இந்தப் படம் வரும்போது இந்தம்மாவுக்கு வீட்ல சின்னப் பையன் இருந்தான்" என்றார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நானே தேடித் தேடிப் பார்த்தேன். நம் இயக்குநர் ஏ.பீம்சிங்கின் இந்திப் படங்களிலும் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். 'பாகப்பிரிவினை'யின் இந்தி வடிவமான 'கான்தான்'-இல் (1965) சரோஜாதேவி செய்த வேடம், 'படிக்காத மேதை' இந்தியில் 'மெஹர்பான்' (1967) ஆனபோது சௌகார் ஜானகி செய்த வேடம். இவையும் குழந்தை பிறந்த பிறகு வந்தவைதான்.

"அவர் நட்சத்திரம், வேலைக்கு ஆள் வைத்திருப்பார், நமக்கு அப்படியா" என்று கண்டிப்பாக யாராவது கமென்ட் போடுவீர்கள். வசதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வசதி இருந்தும் கல்யாணத்தோடு ஒதுங்கியவர்கள், ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! ஆள் வைத்துக்கொள்வதால் ஒரு தயாரிப்பாளர் கதாநாயகி வேடத்தோடு வீடு தேடி வரமாட்டார். விருப்பப்பட்டு வேலையை விட்ட பெண்களையும் நான் குறை சொல்லவில்லை, தயவுசெய்து அந்தச் சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள். அவருடைய வாழ்க்கை சுகமாகவே போனது என்றும் சொல்ல வரவில்லை. பண விவகாரத்தில் அம்மாவோடு நீதிமன்றம் வரை போய், பல வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவர். புற்றுநோயால் 1991 பிப்ரவரியில் இறந்தபோது 54 வயதுதான்.

   

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் 'பந்தினி'க்கு முன்னால் 'சௌதாகர்' (1973) என்பேன். அமிதாப் பச்சன் ஈச்ச மரத்துப் பதநீர் இறக்குகிறவர். நூதன் அதைக் காய்ச்சி வெல்லம் எடுப்பதில் ஊரிலேயே கைதேர்ந்தவள், கணவனை இழந்தவள். இளம்பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் பணம் சேர்க்கவேண்டும் என்பதற்காகவே அவர் நூதனைக் கல்யாணம் செய்துகொள்கிறார். பணம் சேர்ந்ததும் பொய்ப் பழி சொல்லி விலக்கிவிடுகிறார். புதிதாக வந்தவளுக்கு அந்தக் கைப்பக்குவம் வரவில்லை, வெல்லம் விலைபோகவில்லை. பெண்ணின் வேலைக்கு என்ன மதிப்பு என்று இவ்வளவு நேராகச் சொன்ன இந்திப் படம் வேறு நான் பார்த்ததில்லை.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, வேறு இடத்தில். அங்கே ஜிஎஸ்டி ரிட்டர்ன் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்.