புக்கிட் தீமா வீட்டு மாமரம்: வெட்ட அனுமதி வேண்டுமா?

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் உள்ள உங்கள் வீட்டு மாமரத்தின் வேரால் பின்சுவர் விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் மரம் வெட்ட அழைத்த குத்தகையாளர் மறுக்கிறார், அனுமதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து பாருங்கள். அது 1 மீட்டரைத் தாண்டி, உங்கள் வீடும் மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வெட்டக் கூடாது. சொந்த நிலம், சொந்த மரம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

"கடிதம் இல்லாமல் மரத்தைத் தொட மாட்டேன்" என்று குத்தகையாளர் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கும். தங்ளின், புக்கிட் தீமா வட்டாரங்களிலும் சாங்கியிலும் இத்தகைய பகுதிகள் உண்டு. முகவரியைச் சொல்லிக் கழகத்திடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் சரியாகத்தான் நடந்திருக்கிறார், அவரை மாற்றாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பின்சுவர் விரிசலுக்கு வேர்தான் காரணம் என்கிறீர்கள். விரிசலுக்கு அருகே ஓரடி ஆழம் கவனமாகத் தோண்டிப் பாருங்கள். தடித்த வேர் அடித்தளத்தை நோக்கிப் போனால் படம் எடுத்து விண்ணப்பத்துடன் இணையுங்கள். வேரே தென்படவில்லை என்றால் மண் இறங்கியிருக்கலாம். அப்போது மரம் போனாலும் விரிசல் போகாது. காய்க்கிற மரத்தை வீணாக இழக்க வேண்டாமே! கிளைகளைக் கழித்தால் போதுமா என்றும் கேளுங்கள்.

வேரில் அமிலமோ மண்ணெண்ணெயோ ஊற்றச் சொன்ன உறவினரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பட்ட மரத்தின் கிளைகள் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது, அதில் ஏறி வெட்டுபவருக்கும் ஆபத்து. அனுமதி கிடைத்தபின் அடிக்கட்டையையும் அரைத்து எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் மா மறுபடி துளிர்க்கும்.