பன்னிரண்டு எதற்கு, நான்கு போதும்

கேள்வி: ஜூன் மாத முதல் வெள்ளி அமெரிக்காவில் டோனட் தினம். அன்று மாலை எட்டு நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, பன்னிரண்டு வகை டோனட், பன்னிரண்டு வகை பீர் வைத்து விருந்து தரப்போகிறேன். எட்டுப் பேரில் இருவர் குடிப்பதில்லை. எந்த டோனட்டுக்கு எந்த பீர் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? ஒயினும் சீஸும் வைத்து விருந்து தருகிறவர்களுக்கு நாம் என்ன குறைந்தவர்களா?
(ஒரு வாசகர், போர்ட்லேண்ட், ஆரிகன்)

பதில்: யாரோ சீஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார், அதற்குப் பதில் மரியாதை செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள் என்பது கடைசி வரியில் தெரிந்துவிட்டது. இருக்கட்டும். முதலில் கணக்கைப் பார்ப்போம். வகைக்கு 100 மில்லி மட்டுமே ஊற்றினாலும் ஆளுக்கு 1,200 மில்லி. உங்கள் ஊர் 355 மில்லி கேனில் மூன்றுக்கு மேல். டோனட்டை நான்காக நறுக்கி வகைக்கு ஒரு துண்டு கொடுத்தாலும் ஆளுக்கு மூன்று முழு டோனட். ஆறாவது துண்டோடு நாக்கு மரத்துவிடும். மீதி ஆறையும் விருந்தினர்கள் உங்கள் முகத்துக்காகத்தான் விழுங்குவார்கள்.

தேர்ந்தெடுத்த நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் உலகப் போரின்போது, 1917இல், பிரான்சில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த பெண்கள் டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். உருட்டுக்கட்டைக்கு எங்கே போவது? ஒயின் பாட்டிலை வைத்து மாவைத் தேய்த்தார்களாம். அந்தப் பெண்களின் நினைவாக 1938இல் சிகாகோவில் தொடங்கியதுதான் டோனட் தினம். நாகர்கோவில்காரர்கள் கேத்தரின் பூத் மருத்துவமனையை அறிவார்கள். அதை நடத்தும் அதே இரட்சணிய சேனைதான். மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு அதில் சேருகிறார்கள். அவர்களுடைய நாளில் பன்னிரண்டு பீர்! நாளை மாற்றச் சொல்லவில்லை. படித்ததும் சிரிப்பு வந்தது, அதனால் சொன்னேன்.

இனி பட்டியல். ஜாங்கிரி தின்ற வாயோடு காபி குடித்திருப்பீர்கள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருந்தாலும் "சர்க்கரையே இல்லையே" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்போம். டோனட் பீருக்குச் செய்வதும் அதையேதான். தித்திப்பு ஏறிய நாக்குக்கு பீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச இனிப்பும் தெரியாது. கசப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். போர்ட்லேண்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஐ.பி.ஏ.தான் முன்னால் நிற்கும். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புக்கென்றே செய்த பீர் அது. சர்க்கரைப் பாகு பூசிய டோனட்டைத் தின்றுவிட்டு அதைக் குடித்தால் வேப்பங்கொழுந்தை மென்றது போலிருக்கும். ஆகவே ஐ.பி.ஏ. வேண்டாம். இதைச் சொன்னதற்காக உங்கள் ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கசப்பிலும் இரண்டு உண்டு. ஹாப்ஸ் தருவது பச்சிலைக் கசப்பு. ஸ்டௌட் பீரில் இருப்பது கறுக வறுத்த பார்லியின் கசப்பு, காபிக்கொட்டைக்கு உறவு. சாக்லேட் டோனட்டுக்கு ஸ்டௌட் ஒத்துப்போவது அதனால்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். சில்லென்று இருந்தால் அந்த வறுத்த வாசனை எழும்பவே எழும்பாது. கடைசிச் சுற்றுக்கு இது. முதல் சுற்றுக்குப் பட்டைத்தூளும் சர்க்கரையும் புரட்டிய டோனட்டோடு பவேரியாவின் கோதுமை பீரான ஹெஃபெவைட்சன். அதில் கிராம்பு வாசனை வரும். யாரும் கிராம்பு போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை அது. பட்டையும் கிராம்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பிரியாணி தின்று வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் இரண்டு. ஜாம் அடைத்த டோனட்டுக்கு பெல்ஜியத்தின் க்ரீக்: லாம்பிக் என்ற புளிப்பு பீரில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தது; அந்தப் புளிப்பு ஜாமின் திகட்டலை அறுக்கும். மேப்பிள் பாகு பூசியதற்கு ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீர், பீச் (beech) மர நெருப்பில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், காய்ச்சுவது. மேப்பிளோடு பேக்கன் வைத்த டோனட் உங்கள் ஊர் வூடூ டோனட் கடையின் பெயர்பெற்ற சரக்கு. 2011இல் ரோக் என்ற ஆரிகன் நிறுவனம் அதன் சுவையிலேயே ஒரு பீர் காய்ச்சி இளஞ்சிவப்பு பாட்டிலில் விற்றது. டோனட்டும் பீரும் ஒரே பாட்டிலுக்குள் போய்விட்டால் அப்புறம் விருந்து எதற்கு என்பது என் கட்சி. பேக்கன் வாங்குவதற்கு முன் யாருக்குப் பன்றி இறைச்சி ஆகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்ட் டோனட்டில் பெரும்பாலும் முட்டை உண்டு என்பதையும் சைவ நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆக நான்கு சுற்று, சுற்றுக்கு 100 மில்லி, கால் டோனட். மொத்தத்தில் ஆளுக்கு ஒரு டோனட்டும் ஒரு கேனுக்குச் சற்று அதிகமான பீரும் ஆகும். பேப்பர் நாப்கின் தாராளமாக வையுங்கள். எண்ணெய் பட்ட உதடு கண்ணாடித் தம்ளரில் பட்டால் பீரின் நுரை படுத்துவிடும். இடையிடையே கொறிக்க உப்புக்கடலை போதும். காரமான மிக்சர் வேண்டாம், பீரோடு சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும். பத்து சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டௌட் என்றால் 100 மில்லி சாதாரண பீரில் 200 மில்லிக்குச் சமம். ஆரிகனில் ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. காரில் வருகிறவர்களை ரயிலில் வரச்சொல்லுங்கள்.

கடைசியாக, குடிக்காத அந்த இருவர். இருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் கையில் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதவில்லை. வழக்கமாக அவர்களுக்கு ஒரு கோக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, இரண்டாவது சுற்றில் "ஒரே ஒரு வாய்" என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கெட்டியாக டிகாக்ஷன் இறக்கி வையுங்கள், பாலைக் காய்ச்சுங்கள். நான்கு டோனட்டுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய ஒரே பானம் அதுதான். எட்டுப் பேருக்கும் சேர்த்தே போடுங்கள். ஸ்டௌட் முடிந்ததும் மற்ற ஆறு பேரும் கேட்பார்கள். சர்க்கரையை மட்டும் தனியாக வையுங்கள்.