காசில் நிற்கும் அந்த இருவர் யார்?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. கரூர் ஆற்று மணலில் கிடைத்தது என்பார். ஒரு பக்கம் தலை. மறுபக்கம் இரண்டு பேர், நடுவில் இரண்டு வட்டம். காவல் தெய்வங்களா? கறுத்துக் கிடக்கிறது, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: முதலில் விபூதியைக் கீழே வையுங்கள். புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தினாரியஸ் காசோடு பொருந்துகிறது. கி.மு. 2-இலிருந்து லுக்துனும் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அடித்த காசு. கொங்குப் பக்கத்துப் புதையல்களில் இந்த வகையும் அடுத்த பேரரசர் திபேரியஸின் காசும் நிறையவே வரும். திபேரியஸ் காசில் ஒரு பெண் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் காசில் நிற்பவர்கள் தெய்வங்கள் இல்லை. அகஸ்டஸின் மகள்வயிற்றுப் பேரன்கள் காயஸும் லூசியஸும்; வாரிசாக்க அவரே தத்தெடுத்த பிள்ளைகள். வட்டங்கள் கேடயங்கள், பின்னால் ஈட்டிகள். ‘இளைஞர் தலைவர்’ பட்டத்தோடு இருவருக்கும் கிடைத்தவை அவை. இனி லென்ஸை எடுத்து, கேடயங்களுக்கு மேலே பாருங்கள். ஒரு குட்டி அகப்பை, நுனி சுருண்ட ஒரு கோல். அகப்பை பலிச் சடங்கில் மது வார்க்கும் குருமாருடையது. காயஸ் அந்தக் குழுவில் இருந்தான். கோல் பறவை நிமித்தம் பார்ப்பவருடையது, அது லூசியஸுக்கு. லூசியஸ் கி.பி. 2-இல் செத்தான், காயஸ் 4-இல். அரியணை திபேரியஸுக்குப் போனது. அந்தப் பையன்களின் அடையாளம் கடுகளவு மேடாக நிற்கிறது. விபூதி முதலில் தின்பது அதைத்தான்.

காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கறுப்பு இருக்கட்டும், எழுத்தை எடுத்துக் காட்டுவதே அதுதான். விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள்.

நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள், 3.5 முதல் 3.9 கிராம் வரை இருந்தால் நல்ல அறிகுறி. அசல் காசு சுத்தியால் அடித்தது, உருவம் நடுவில் சரியாக விழாமல் இருப்பது குறையே இல்லை. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, முகத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகப்படுங்கள். விளிம்பில் பச்சை கசிந்தால் உள்ளே செம்பு. அந்தக் காலத்திலேயே இப்படி வெள்ளி போர்த்திய கள்ளக்காசு உண்டு.

விற்கும் யோசனை இருந்தால் ஒன்று: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் இதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இரண்டு பக்கமும் படமெடுத்து, எடையும் குறித்து, காசோடு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். தாத்தா சொன்ன இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.