பழகிய பேனா எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

இருபது வருடங்களுக்கு மேலாக ஒரே வகைப் பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதி வருகிறேன். சமீபத்தில் வாங்கியதில் உலோகக் கிளிப் போய் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. உடல் மெலிந்து, பிடித்தால் வழுக்குகிறது. ரீஃபிலின் அளவையும் மாற்றிவிட்டார்கள், என் பழைய பேனாவுக்குள் போகவில்லை. அட்டையில் ‘புதிய பொலிவுடன்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு வாங்கும் தூளும் இப்படித்தான். முன்பெல்லாம் கண்ணாடி டம்ளர் பளிச்சென்று வெளியே வரும், அப்புறம் வெள்ளையாகப் படலம் படிய ஆரம்பித்தது. வீட்டில் சொன்னால், “உங்களுக்கு வயசாயிடுச்சு” என்கிறார்கள். ஒரு பேனாவுக்காக இவ்வளவு வருத்தப்படுவது அசட்டுத்தனமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அசட்டுத்தனம் இல்லை. ஆனால் பேனாவையும் தூளையும் ஒரே வழக்கில் சேர்க்காதீர்கள்.

தூளில் உங்கள் கட்சி தோற்றுவிடும். அந்தப் பளபளப்பைத் தந்தது பாஸ்பேட். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், டம்ளரில் படிய விடாது. அதே பாஸ்பேட் ஏரிகளுக்குப் போய்ச் சேர்ந்தால் பாசிக்கு உரமாகிறது. பாசி மண்டி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. அதனால்தான் 2010-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களும், 2017-இல் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தத் தூளில் அதற்குக் கடிவாளம் போட்டன. பேனா மூடியின் நுனியில் இருக்கும் துளையும் இந்த ரகம்தான். குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்று வைத்தது. இப்படிப்பட்ட மாற்றங்களை முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பேனா விஷயம் வேறு. அங்கே நான் உங்கள் பக்கம்.

ஒரு பொருள் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ஒரு வருடம் கிளிப் பிளாஸ்டிக் ஆகும். புதிய மாதிரியை அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பெரிய வித்தியாசம் தெரியாது, சரி என்று விட்டுவிடுவார்கள். அடுத்து உடலின் கனம் குறையும். அதையும் கிளிப் மாறிய பேனாவோடுதான் ஒப்பிடுவார்கள். பிறகு ஸ்பிரிங், மை, விரல் பிடிக்கும் இடத்திலிருந்த சொரசொரப்பு. ஒவ்வொரு படியிலும் ‘கிட்டத்தட்ட அதேதான்’ என்ற சான்றிதழ் கிடைத்துவிடும். முதல் பேனாவை எடுத்து வைத்து ஒப்பிடும் வேலை அங்கே யாருக்கும் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரியே நடுவில் இரண்டு மூன்று பேர் மாறியிருப்பார். முதல் பேனா இன்னும் ஞாபகத்தில் இருப்பது உங்கள் விரல்களுக்கு மட்டும்தான். அதை வயசுக் கோளாறு என்றால் எப்படி?

காணாமலே போய்விட்ட பொருள்களின் கதை இன்னும் விநோதம். ‘பிளாக்விங் 602’ என்றொரு பென்சில், 1930-களில் வந்தது. ‘பாதி அழுத்தம், இருமடங்கு வேகம்’ என்ற வாசகத்தை ஆங்கிலத்தில் அதன் உடலிலேயே அச்சடித்திருப்பார்கள். பின்முனையில் தட்டையான உலோகப் பூண், அதற்குள் ரப்பரைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கிளிப். ரப்பர் தேய்ந்தால் வேறு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கிளிப்பைச் செய்யும் இயந்திரம் பழுதானது. விற்பனை குறைவு என்று அதைச் சரிசெய்யவில்லை. கையிருப்பிலிருந்த கிளிப்புகள் தீரும்வரை பென்சில் வந்தது, 1998-இல் நின்றது. அதன் பிறகு எழுத்தாளர்களும் ஓவியர்களும் பழைய பென்சிலைப் பல மடங்கு விலை கொடுத்துத் தேடி வாங்கினார்கள். கடைசியில் 2010-இல் வேறொரு நிறுவனம் அதே பெயரில் மறுபடி செய்ய ஆரம்பித்தது. பழைய ஆட்கள் ‘இது அது இல்லை’ என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

ஜப்பானின் ஹகோரோமோ சாக்பீஸ் நிறுவனம் 2015-இல் மூடப்பட்டபோது கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். அந்த இயந்திரங்களைக் கொரியாவுக்கு வாங்கிச் சென்று அங்கே தொடர்ந்து செய்கிறார்கள்.

ஆக, முணுமுணுப்பது வீண் இல்லை. கார்களில் பொத்தான்களையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தொடுதிரை வைத்தார்களே, அதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. திருகு இருந்தால் கண் சாலையில் இருக்கும்போதே கை தானாகப் போகும். திரையைப் பார்க்காமல் தொட முடியுமா? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்காப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது.

உங்கள் பழைய பேனாவை எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காலி ரீஃபிலை எடுத்து ஸ்கேலில் அளந்து பாருங்கள். 98 மில்லிமீட்டர் அளவில் சற்றுப் பருமனாக இருந்தால் அது அநேகமாக ‘ஜி2’ என்ற பொது அளவு. பல நிறுவனங்கள் அந்த அளவில் செய்கின்றன, ஏதாவதொன்று பொருந்திவிடும். ஆனால் பயத்தில் ஐம்பது அறுபது வாங்கி அடுக்கிவிட வேண்டாம், வருடக்கணக்கில் கிடந்தால் மை இறுகிவிடும். அந்த நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள், அந்தப் பழைய பேனாவாலேயே எழுதி.