யாளியை நடக்க வைக்க உடற்கூறு தெரிய வேண்டுமா?

சிங்க உடலும் யானைத் துதிக்கையும் தந்தமும் கொண்ட கற்பனை விலங்கான யாளியை அனிமேஷனுக்காக உருவாக்குபவர் விலங்குகளின் உடற்கூற்றைப் படிக்கத்தான் வேண்டுமா, கோயில் சிற்பங்களைப் பார்த்து வரைந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அசையாத படத்துக்குச் சிற்பமே போதும். ஆனால் மதுரை ஆயிரங்கால் மண்டபத்து யாளி தூணை விட்டு இறங்க வேண்டியதில்லை. உங்களுடையது இறங்கி நடந்தாக வேண்டும்.

சிக்கல் முகத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கத்தின் மூக்கு நுனியில் துதிக்கையைச் சேர்த்தால் அது ஒட்டவைத்தது போலத்தான் தெரியும். யானையின் மண்டையோட்டில் நாசித் துளை நெற்றியை ஒட்டி உயரத்தில் இருக்கிறது. ஆகவே சிங்கத்தின் மூக்கெலும்பைக் குறுக்கி, துளையை மேலே ஏற்ற வேண்டும். அதோடு, துதிக்கை என்பது மூக்கும் மேலுதடும் இணைந்த உறுப்பு. தனியாக மேலுதடே இல்லாத விலங்கு, சிங்கத்தைப் போல உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டிச் சீற முடியாது. அதன் சினத்தைக் காதிலும் கீழ்த்தாடையிலும் துதிக்கையின் சுழிப்பிலும்தான் காட்ட வேண்டியிருக்கும். இது தொல்லையாகத் தோன்றலாம். என் பார்வையில், யாளிக்கென்று தனியான முகபாவம் கிடைப்பதே இதனால்தான்.

துதிக்கையும் தந்தமும் ஏறிய தலையைச் சிங்கத்தின் கழுத்து தாங்குவது கடினம் என்பதால், கழுத்தைக் குட்டையாக்கி, தோளுக்கு மேலுள்ள முதுகெலும்பு முட்களை உயர்த்தித் தசை பற்றுவதற்கு இடம் தர வேண்டும். பிடரி மயிர் அந்தத் திமிலை ஓரளவு மறைத்துவிடும்.

நடைக்குச் சிங்கத்தையே பின்பற்றலாம். அதன் தோள்பட்டை எலும்பு மற்ற எலும்புகளோடு உறுதியாகப் பிணைக்கப்படாமல் தசைகளில் தொங்குவதால், நடக்கும்போது முதுகுக்கு மேல் மாறி மாறி எழும்பித் தாழும். பார்ப்பவருக்கு உயிருள்ள விலங்கு என்ற நம்பிக்கையைத் தருவது பெரும்பாலும் அந்த அசைவுதான். பின்னங்காலில் பின்னோக்கி மடிவது முழங்கால் அல்ல, குதிகால் என்பதையும் கவனியுங்கள்.

உருவத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் எடை 8 மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ 4 மடங்குதான் கூடும். யானை அளவுக்கு வளர்ந்த யாளிக்குத் தூண் போன்ற கால்கள் வேண்டும், அது பாயவும் இயலாது. பாய்ந்தே ஆக வேண்டுமென்று கதை கேட்டால், அதைச் சிங்கத்தைவிடச் சற்றே பெரிதாக வைத்து, தந்தத்தையும் சிறிதாக்குங்கள்.